காரைத் தொட்டால் வருபவர்

வாகட் என்ற மராத்திப் புறநகரில், எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறை போட்டு நிற்கும். திருட்டுக்குப் பயந்து அதன் சொந்தக்காரர் உள்ளே ஒரு கருவி பொருத்தியிருந்தார். யாராவது காரைத் தொட்டால் மாடியில் அவருடைய போன் அடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பை அதில் இடித்துவிட்டது. சற்று நேரத்தில் லிஃப்டிலிருந்து அவர் வந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, படிய வாரிய நரைமுடி. திட்டு விழப்போகிறது என்று நான் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த இந்தியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "தமிழுங்களா?"

"ஆமா சார். பூனை உரசினாக்கூட நீங்க இறங்கி வரணுமே. லேசா தொட்டா அடிக்காத மாதிரி கொறைச்சு வெக்கக் கூடாதா?"

"அடிக்கட்டுங்க. இந்த போனுக்கு வேற யாரு கூப்புடறாங்க?"

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே காரைத் தட்டிவிட்டு நின்றேன். தலை வாரி, சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு டம்ளர் காபி.

தட்டியது நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த இரண்டாவது டம்ளர், திருடனே வந்திருந்தாலும் அவனுக்குத்தான்.