சம்பந்திக்காக மூன்று சுருட்டு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்று இன்றும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இருப்பது விஸ்வநத்தம். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை, இருபது வருடத்துக்கு மேலாகிறது. காலையில் வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி, பீடி எதுவும் கூடாது. அதனால் இந்த வயது வரை நான் எதையும் புகைத்ததில்லை.

போன ஆவணியில் மகளைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்தோம். மறுவீட்டுச் சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு சின்னச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. “எனக்கு நெருப்பே ஆகாதுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் தன் சுருட்டையும் அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு சரி. போனில்கூட என்னோடு பேசவில்லை.

“மாமா உங்களப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதாருப்பா” என்றாள் மகள். அவள் குரல் சுரத்தில்லாமல் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியைச் சாப்பிட வரச்சொல்லியிருந்தோம். அதற்குள் சுருட்டுக் குடிக்கப் பழகிவிடுவது என்று முடிவு செய்தேன். உள்ளூர்க் கடையில் வாங்க வெட்கம். பஸ் ஏறி விருதுநகர் போனேன்.

“சின்னச் சுருட்டு, மூணு தினுசுல ஒண்ணொண்ணு.”

“சாமிக்குப் படைக்கவாண்ணே?” என்றார் கடைக்காரர்.

தப்பித்தோம் என்று “ஆமா” என்றேன்.

“மூணு தினுசு கேக்குதே, அது எந்தச் சாமி?”

காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் உட்கார்ந்தேன். ஊதுபத்தியைப் பற்றவைத்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுருட்டின் நுனியில் வைத்தேன். புகைந்து அணைந்தது. திரும்பவும் வைத்தேன். திரும்பவும் அணைந்தது.

“ஏங்க, வாயில வெச்சு இழுக்கணும். அது என்ன அணுகுண்டா?” என்றாள் மனைவி.

முதலாவது குட்டைக் கறுப்பு. ஒரே இழுப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகாய் வற்றல் தீய்ந்த காட்டம். இரண்டாவது தகரப் பெட்டியில் வந்தது. ஏலக்காய் வாசம், உதட்டில் இனிப்பு. பாயசத்தைப் புகைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது ஒல்லி. காய்ந்த சருகு எரியும் வாசம்தான், ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதில் நாலு வாங்கி வந்தேன்.

சம்பந்தி வந்தார். இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். கை கழுவியதும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, “குடிக்கீகளா?” என்று நானே நீட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பற்றவைத்தோம். நாலு இழுப்பு நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் சுருட்டுக்குள் ஈரக் காம்பு ஏதோ எரிந்து ‘சுர்ர்ர்’ என்றது.

அந்தச் சத்தத்துக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான், திரி பிடித்துவிட்டது.

“ஓடுங்க!” என்று சுருட்டை முற்றத்தில் வீசி, சம்பந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துவிட்டேன். சுருட்டு அங்கே தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டு கிடந்தது.

சம்பந்தி தலையை நீட்டிப் பார்த்தார். “எம்புட்டு நேரத்துல வெடிக்கும் சம்மந்தி?”

பிறகு அவருக்கு வந்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அன்னைக்கு நெருப்பே ஆகாதுன்னீகளே, இதுதானா? நல்ல காரியம் நடந்த வீட்டுல சுருட்டக் கொளுத்துறான்னு என்னையக் குத்திக் காட்டுனீகன்னுல்ல நெனச்சேன்!”

“ஐயய்யோ, கம்பெனிப் பழக்கத்தச் சொன்னேங்க.”

“அதச் சொல்ல அஞ்சு மாசமா? நல்ல ஆளுய்யா!”

தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, எந்த வெடிக்கு எவ்வளவு திரி என்று கேட்டார். நான் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். “என்னப்பா செஞ்சீக? மாமா வந்ததுலயிருந்து ‘ஓடுங்க, ஓடுங்க’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு. அடுத்த ஞாயித்துக்கெழமை உங்களைக் கட்டாயம் வரச் சொல்லுதாரு.”

அவள் குரலும் சிரித்தது. மீதிச் சுருட்டைச் சம்பந்திக்கு எடுத்துப் போனேன். அவர் குடிக்கிறார், நான் பேசுகிறேன்.

மாசி ஐந்து, செவ்வாய்க்கிழமை.