ஆஸ்பத்திரிப் புல்தரையில் சொல்லாமல் விட்ட செபம்

போன மாதம் கோயில் இளைஞர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "மாலைச் செபத்த இனி வெளியில, ஆள் நடமாடுற எடத்துல சொல்லப் போறோம் டீச்சர். நீங்களும் வாங்க" என்றார்கள். ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிஜக் காரணத்தை அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற பஞ்ச காலத்தில் அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாடி வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஈரலில் வந்த புற்று கைமீறிவிட்டது என்று டாக்டர் அம்மாவையும் என்னையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அம்மா அங்கேயே என் கையைப் பிடித்து, "ஒங்கப்பாவுக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு விட்டுருவாரு" என்றாள். வெறும் காமாலை என்று சொல்லி வைத்தோம்.

கடுகண்ணாவையில் எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் செபமாலை. அப்பாதான் முன்னால் சொல்லுவார். ஆஸ்பத்திரியிலோ அந்த நேரத்துக்கு முன்பே மணியடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். "போயிராதீங்க. கீழ புல்லுல நின்னு சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் கேக்கும்" என்றார் அப்பா.

அப்படித்தான் நானும் அம்மாவும் ஜன்னலுக்குக் கீழே முழந்தாளிட்டோம். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், பிளாஸ்க்கோடு வருகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு மானம் போனது. கூடப் படிக்கிறவள் யாராவது வந்து தொலைப்பாளோ என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். "வாயத் தொறந்து சொல்லுடி, மாடிக்குக் கேக்கணும்" என்று அம்மா இடித்தாள். காவல்காரர் வந்து சிங்களத்தில் என்னவோ கேட்டார். அம்மா மேலே ஜன்னலைக் காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும், நல்ல மரணம் வேண்டிச் சூசையப்பருக்கு ஒரு செபம் உண்டு. எந்த நாளும் சொல்லுவோம். எனக்கு அதன் அர்த்தம் மண்டையில் ஏறியதே இல்லை. அது வந்தால் அடுத்தது சோறு என்று மட்டும் தெரியும். அன்றைக்குப் புல்தரையில் அந்த இடம் வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு சட்டென்று சிலுவை போட்டு எழும்பினாள். மறுநாளும் அப்படித்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவே இல்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அம்மா கட்டிலருகே உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "சூசையப்பர் செபத்த ஏன் சொல்றதில்ல?" என்று அப்பா கேட்டார்.

"பஸ் போயிரும்னு அவசரத்துல..."

"அந்த பஸ் என்னைக்கு நேரத்துக்கு வந்திச்சு?" அப்பா சிரிக்கப் பார்த்தார். "மொத நாள் நீ அத விட்டப்பவே எனக்கு வெளங்கிருச்சு. டாக்டர்கிட்டகூட நான் கேக்கல."

அம்மாவின் கையில் சுளை அப்படியே இருந்தது. பாவி மனுஷன், அத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டே எங்கள் காமாலைக் கதைக்குத் தலையாட்டியிருக்கிறார். நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் கட்டிலில் தன்னந்தனியாக அதை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

"இன்னைக்கு அதச் சொல்லு புள்ள" என்றார் அம்மாவிடம். "இப்பதானே எனக்கு அது வேணும்."

மணியடித்தது. கீழே வந்தோம். செபமாலை முழுவதும் நான் அழுதுகொண்டே பதில் சொன்னேன். யார் பார்த்தால் எனக்கென்ன. அந்த இடம் வந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். கோயிலில்கூட உரத்துப் பேசாதவள், தன் புருஷனுக்கு நல்ல சாவு தா என்று, அத்தனை பேர் நடுவில், மாடிக்குக் கேட்கும்படி கத்திக் கேட்டாள்.