ரியோஹெய்யின் தட்டில் சாப்பிட்டவன்

கோர்டெல் வீக்ஸ் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முதலாக வந்த அன்று நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ஆறரை அடிக்கு மேல் ஆள். நிலையில் தலை இடிக்கப் போகிறதே என்று நான் கத்துவதற்குள் குனிந்து உள்ளே போய்விட்டான். ஊர்க் கூடைப்பந்து அணியிலிருந்து முன்பே ஃபோன் வந்திருந்தது. புதிதாக ஒரு அமெரிக்க ஆட்டக்காரன் வருகிறான், மதியம் பயிற்சி முடிய நேரமாகும், சாப்பாடு எடுத்து வையுங்கள் என்றார்கள். அவன் பங்கை அடுப்படியில் மூடி வைத்திருந்தேன். அவனோ நேராகப் போய் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே ஆவி பறந்துகொண்டிருந்த தட்டைத் தனக்கென்று நினைத்து வழித்துத் தின்றுவிட்டான்.

அது என் அண்ணன் மகன் ரியோஹெய்யின் தட்டு. கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவன் அவன். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தூரம் போனவனுக்கு வீட்டில் தினமும் ஒரு தட்டு வைப்போம், போன இடத்தில் அவன் பசித்துக் கிடக்கக் கூடாது என்று. பிறகு சூப் கிண்ணத்து மூடியைத் திருப்பிப் பார்ப்போம். உள்பக்கம் நீர்த்துளி நின்றால் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். காய்ந்து கிடந்தால் கெட்ட செய்தி. அண்ணன் செத்த பிறகு கடையை நடத்துவது என் அண்ணி ஹிசாயோ, அடுப்பு என் பொறுப்பு. அண்ணி ஒரு நாள் தவறாமல் மகனுக்குத் தட்டு வைப்பார், மூடியைத் திருப்பிப் பார்ப்பார், முகம் தெளிவார். சூடான சூப்பை மூடி வைத்தால் மூடியில் தண்ணீர் நிற்காமல் வேறென்ன நிற்கும்? இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல நான் என்ன கல்நெஞ்சுக்காரனா?

"யோவ்! யாரைக் கேட்டு அதுல கை வச்ச?" என்று பனித்தள்ளியோடு பாய்ந்தேன்.

அவன் எழுந்த வேகத்தில் விளக்கில் இடித்துக்கொண்டான். "எனக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் சார். மன்னிச்சிருங்க. சூப்பு அவ்ளோ நல்லாருந்துச்சு." தெற்கே வேறோர் ஊரில் ஆடியபோது கற்ற எங்கள் மொழி, திக்கித் திக்கி வந்தது.

சத்தம் கேட்டு அண்ணி உள்ளிருந்து வந்தார். அவர் கண் தட்டின் ஓரத்தில் நின்றது. சூப்பில் போட்டிருந்த காளான்களை எல்லாம் பொறுக்கி அங்கே வரிசையாக அடுக்கியிருந்தான்.

"காளான் ஆகாதா?" என்று கேட்டார்.

"வழவழன்னு இருக்கும்மா. தொண்டைல எறங்க மாட்டேங்குது."

ரியோஹெய்யும் அப்படித்தான் அடுக்குவான். காளான் பிடிக்காதவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு, அது ஒன்றுமில்லை. ஆனால் அண்ணி மூடியைத் திருப்பியபோது நானும் பார்த்தேன். உள்பக்கம் துணியால் துடைத்தது போலக் காய்ந்து கிடந்தது.

"உக்காருப்பா," என்றார் அண்ணி. "இன்னும் கொஞ்சம் சோறு போடுறேன்."

அன்றிலிருந்து அந்த நாற்காலி அவனுக்கு. அந்தத் தட்டு யாருக்கு வைத்தது என்பதையும் அண்ணி அவனிடம் சொல்லிவிட்டார். தின்றுகொண்டே தன் கதையைச் சொல்லுவான். அலபாமாவில் கோழிப் பண்ணைகள் நிறைந்த ஒரு சின்ன ஊர். அம்மா அர்லீன் கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்து வளர்த்தாள். கல்லூரியில் நன்றாக ஆடினான், ஆனால் அமெரிக்காவின் பெரிய அணிகள் எதுவும் கூப்பிடவில்லை. அதனால் பின்லாந்து, லெபனான், உருகுவே என்று கிளம்பிவிட்டான். எங்கே போனாலும் ஒரு சீசன். முழங்கால் வலித்தால் வேறு ஆளைக் கொண்டுவருவார்கள், இவன் விமானம் ஏறுவான்.

"பொட்டிய முழுசா பிரிச்சதே இல்ல சார்," என்று சிரிப்பான். "மேல இருக்கறத எடுத்துப் போட்டுக்குவேன். அடியில என்ன கெடக்குன்னு எனக்கே தெரியாது."

எங்கள் அணியும் அவனை வெள்ளோட்டத்துக்குத்தான் எடுத்திருந்தது. அந்த வாரக் கடைசி ஆட்டத்தில் அவன் மேல் எதிராளி இடித்துத் தள்ள, தனியாக நின்று பந்து எறியும் வாய்ப்பு கிடைத்தது. கோட்டருகே வந்தவன் உள்ளங்கையால் இரண்டு காலணிகளின் அடியையும் துடைத்தான். இடது காதைத் தொட்டான். இடது கையால் எறிந்தான். பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது.

கோர்டெல் வலது கைக்காரன். கத்திக்கொண்டிருந்த ஊர் சட்டென்று அடங்கிப்போனது. பள்ளி அணிக்காக அதே அரங்கில் ரியோஹெய் காலணியைத் துடைத்துக் காதைத் தொட்டு இடது கையால் எறிந்ததைப் பார்த்தவர்கள்தான் பாதிப்பேர். பக்கத்தில் இருந்த மீன்கடைக்காரர் என் கையைப் பிடித்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்று மறுநாள் கேட்டேன்.

"எதை?" என்றான். அவனுக்கு நினைவே இல்லை.

அப்புறம் அணி வரிசையாக ஜெயித்தது. ஊரே அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மூடி மட்டும் ஒவ்வொரு மதியமும் காய்ந்தே கிடந்தது. அண்ணி அதற்குக் கவலைப்படவில்லை. "தூரத்துல இருந்தாத்தானே துளி நிக்கணும்? அவன்தான் வந்துட்டானே," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கோர்டெலின் பேச்சு மாறியது. திக்கல் போய், எங்கள் துறைமுகத்துப் பையன்களின் இழுவை வந்தது. ஒரு மதியம் குனிந்து உள்ளே வந்தவன், "ஏ கெழவி, சூப்பு எங்க?" என்றான். அண்ணிக்கு நாற்பது வயதிருந்தபோதே அவரை அப்படிக் கூப்பிட்டு அடி வாங்கியவன் ரியோஹெய் ஒருவன்தான். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். கோர்டெல் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஒருநாள் முழங்காலுக்குத் தைலம் கொடுக்க அவன் அறைக்குப் போனேன். பெட்டி காலியாக அலமாரி மேல் இருந்தது. துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"நான் அடுக்கல சார்," என்றான். "காலைல ஷூவுக்குள்ள தண்ணி நிக்குது. நக்கிப் பாத்தேன். உப்பு."

"ரோட்டுல பனி கரைய உப்புதான்டா கொட்டுறான். கண்டதையும் நக்காதே."

"கனவுல தண்ணிக்குள்ள இருக்கேன். மேல வெளக்கு தெரியுது. கத்தறேன், எங்க பாஷையில வரல, உங்க பாஷையில வருது." கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். "நேத்து எங்கம்மாகிட்ட பேசினேன். 'யாரு நீ, எம்புள்ள ஃபோன் உன்கிட்ட எப்படி வந்துச்சு'ன்னு கேக்குறா. நான்தாம்மா, நான்தாம்மான்னு சொல்றேன். வச்சுட்டா."

அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. அலபாமாவில் இருந்த அந்தத் தாயை நினைத்து இன்னும் பாவமாக இருந்தது.

பனி உருகும் காலத்தில் அணி அவனுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரே ஊரில் பல வருடம். முழங்கால் தேய்ந்தவனுக்கு இதைவிட நல்லது இனி வராது. கையெழுத்துப் போட வேண்டிய அன்று மதியம் கடைக்கு வந்தான். அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

"கையெழுத்துப் போட்டா நான் வீட்டுக்குப் போக மாட்டேன்மா, எனக்குத் தெரியுது," என்றான். "போற ஆளு நானா இருக்க மாட்டேன். ஆனா உங்க புள்ள எங்கயோ உசுரோட இருந்து, நான் திங்கறதுதான் அவனுக்குப் போய்ச் சேருதுன்னா, அவன எப்படி விட்டுட்டுப் போவேன்? நீங்கதான் சொல்லணும்."

நான் சும்மா இருப்பேனா? "அண்ணி, அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கா," என்றேன்.

"வாய மூடு செய்கிச்சி," என்றார் அண்ணி.

உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் தட்டோடு வந்து அந்த நாற்காலிக்கு முன் வைத்தார். மூடிய சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, அதன் நடுவில் சாப்பிடும் குச்சிகள் இரண்டையும் நட்டுவைத்திருந்தார். செத்தவனுக்குத்தான் எங்களில் அப்படி வைப்போம். பையனின் படத்துக்கு முன் ஊதுபத்தி கொளுத்தக்கூட இத்தனை காலம் சம்மதிக்காதவர் அவர்.

"நீ இன்னிக்கு இதைத் தொடாதே," என்றார் கோர்டெலிடம். "மூடி காஞ்சிருந்தா அவன் செத்துட்டான்னு அர்த்தம். நீ ஊருக்குப் போகலாம். துளி நின்னா இங்க இருந்து சாப்பிடு."

காத்திருந்தோம். வெளியே கூரைப் பனி சரிந்து விழுந்த சத்தத்தில் கோர்டெல் திடுக்கிட்டான். அண்ணி எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று மூடியை எடுத்தார். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு மூடியைத் திருப்பி எங்களிடம் காட்டினார்.

"காஞ்சுதான் கெடக்கு. பாத்துக்கோ. போய்ச் சேந்துட்டான் அவன்," என்றார். "நீ கெளம்புப்பா. உங்கம்மா காத்துட்டு இருப்பா."

கோர்டெல் இடுப்பு வரை குனிந்து வணங்கினான். தெருமுனையிலேயே அம்மாவுக்கு ஃபோன் போட்டான். அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ, அவன் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து ஓவென்று அழுதான், அவன் மொழியில். அந்த வாரமே விமானம் ஏறினான்.

அன்று சாயங்காலம் துவைப்பதற்காக அண்ணி சமைக்கும்போது கட்டும் ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு கைப்பிடி அளவுக்கு நனைந்திருந்தது. சூப்பில் கரைக்கும் மிசோவின் வாசனை அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"அண்ணி... மூடியில..."

"சூப்பு சூடா இருந்துச்சு," என்றார், பாத்திரம் கழுவிக்கொண்டே. "சூடா மூடி வச்சா தண்ணி நிக்காம வேற என்ன நிக்கும்? இவ்ளோ நாளா அதைத்தானே சொல்லணும்னு துடிச்சே?"

மறுநாள் மதியம் கடைசி நாற்காலிக்கு முன் தட்டு இருந்தது. சூப்பில் காளான் போட வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.