குரல் இருந்த கம்ப்யூட்டர்

என் கணவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானபோது டாக்டர் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் பழையபடி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் தளப் பொறுப்பாளராக இருந்தவர். தீபாவளி நெரிசலில்கூட மைக் இல்லாமல் வாசல்வரை கேட்கிற குரல்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் அவரைக் கம்ப்யூட்டர் எதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னேன்.

"ஏட்டி, என்னத்தப் பேச?" என்று திருநெல்வேலிக் கூச்சத்தோடு கேட்டார். பிறகு பேப்பர் வாசித்தார். ஊரில் இருக்கும் அவர் பெரியப்பா மாதிரி பேசிக் காட்டினார். "பட்டு மூணாவது மாடிம்மா, லிஃப்ட் அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்தேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல் போய், மூச்சுக்காற்று மாதிரி ஒன்று மிஞ்சியது. பக்கத்தில் போனால்தான் புரியும். அவர் காலையில் நடக்கப் போயிருக்கும் நேரங்களில் நான் அந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்பதுண்டு. வேறு எதிலாவது ஏற்றி வைக்க வேண்டும் என்று நினைப்பேன், அதோடு சரி.

போன வருஷம் ஒரு நாள் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி நின்றது. ஆழ்வார்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஃபார்மட் பண்ணிட்டு புதுசா போடணும் மேடம். உள்ள இருக்கறது எல்லாம் போய்டும்" என்றார் கடைக்காரர்.

திறக்கவே விடாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். என் கணவர் கையை ஆட்டி, போனால் போகட்டும் என்றார். அவரால் சொல்ல முடிந்தது. என்னால் முடியவில்லை.

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பில் கீழ்வீட்டுப் பெண் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். வீட்டில் உருது பேசுகிறவர்கள், ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். விஷயத்தைச் சொன்னதும் மேலே வந்து பார்த்தாள்.

"அக்கா, விண்டோஸ்தான் படுத்துகிச்சு. ஹார்ட் டிஸ்க் சுத்தற சத்தம் நல்லா கேக்குது. வெளியிலிருந்து வேற சிஸ்டத்த கிளப்பி உள்ள இருக்கறத எடுத்துக்கலாம்."

அதற்கான ஃபைலை இணையத்தில் இலவசமாக இறக்கி, பென் டிரைவில் ஏற்றி மாட்டினாள். எங்களுடைய பழைய மெஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிவிடியிலிருந்து வேண்டுமானால் கிளம்பும் என்று தெரிந்தது. அவளிடம் ஒரே ஒரு வெற்று டிவிடி இருந்தது. இப்போதெல்லாம் கல்யாண வீட்டார் லிங்க்தான் கேட்கிறார்களாம். அதில் எழுதிப் பார்த்தாள். பாதியில் நின்றுபோனது.

"பழசு, கெட்டுப்போய் கீது" என்றாள்.

நான் தி.நகருக்குப் பஸ் ஏறினேன். பாண்டி பஜாரில் கேட்ட முதல் கடையில், "டிவிடியா? யாரும்மா இப்ப அத வாங்கறாங்க?" என்றார்கள். அடுத்த கடையிலும் இல்லை. கடைசியில் ஸ்டூடியோக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு மாடிக்கடையில், ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அது கூட்டத்தில் நசுங்கிவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை கீழ்வீட்டுப் பெண் அவசரப்படவில்லை. "ஃபைல அப்படியே காப்பி பண்ணா கிளம்பாது அக்கா. இமேஜா, அதாவது அந்த சிஸ்டம் முழுசும் டிவிடில விரிஞ்சு உக்கார்ற மாதிரி எழுதணும். அதுவும் மெதுவா" என்று வேகத்தைக் குறைத்து வைத்தாள்.

டிவிடியைப் போட்டு மெஷினைக் கிளப்பினோம். உள்ளே கரகரவென்று சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. என் கணவர் பின்னால் வந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. திடீரென்று நீல நிறத்தில் முன்பின் பார்க்காத ஒரு திரை விரிந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். நான் பெயர் வைத்த ஃபோல்டர் அங்கே இருந்தது.

"இருக்குடீ!" என்று கத்திவிட்டேன்.

எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஏற்றி, அதைத் தன் லேப்டாப்பில் மாட்டி ஒன்றைத் தட்டினாள். "பட்டு மூணாவது மாடிம்மா" என்று கூடம் அதிர்ந்தது. அவள் திடுக்கிட்டு என் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே அவள் குடிவந்தது சிகிச்சைக்குப் பிறகுதான்.

"அண்ணே, இது நீங்களா?"

அவர் தலையாட்டினார். அந்தப் பதிவுகளை அதுவரை கேட்கவே மாட்டேன் என்றிருந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பெரியப்பா வந்த இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். முடிந்ததும் என்னைக் கிட்டே வரச்சொல்லி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு அக்கா?"

"இவ்வளவு சத்தமா பேசினவன்கூட நான் இத்தனை வருஷம் எப்படி இருந்தேன்னு கேக்கறார்" என்றேன்.

அவளை விடாமல் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். அவள் போன பிறகு சும்மா கொஞ்சம் சாயலாம் என்று படுத்தேன். அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்து தோளைத் தொட்டபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது.