சேருடைய விமானியைத் தரையிறக்கியது

பதுளை டவுனில் ஒரு மாடிக் கடையில் கல்யாணப் பத்திரிகையும் விண்ணப்பக் கடிதமும் தட்டச்சு செய்வது என் வேலை. ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது பெரிய வேலை. ஆகவே அது எப்போது போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டுதான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பஸ் ஏறுவேன். மூடுபனிக்குள் பஸ் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். டிரைவர் மூடாமல் இருந்தால் போதும்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சேர் என்போம். நாங்கள் என்றால் நானும், போட்டோகொப்பி மெஷினைப் பார்த்துக்கொண்ட அக்காவும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பழையது எனக்கு, புதியது சேருக்கு. புதியதில் ஒரு போர் விமான விளையாட்டு இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் விளையாடலாம் என்று எனக்கும் ஒரு விமானியைப் பதிந்து தந்திருந்தார். என் விமானி வாரத்துக்கு இரண்டு தரம் செத்தான். சேருடைய விமானியோ எட்டு மாதமாகச் சாகாமல், பதக்கம் பதக்கமாக வாங்கிக் கேணல் பதவிவரை ஏறியிருந்தான். செத்தால் பெயருக்கு மேல் கோடு விழும். பிறகு மீட்க வழியில்லை, புதிதாக ஒருவனைப் பதிய வேண்டியதுதான்.

“ஏறுறதைக் காகமும் செய்யும் பிள்ளை. இறங்கிறதுதான் வித்தை” என்பார் சேர்.

காகம் இறங்கவும் செய்கிறதே என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. கடதாசியில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நெட்டாக ஒரு கோடும் கிடையாக ஒரு கோடும் வரைந்து காட்டுவார். நெட்டுக்கோடு எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் ஓடுபாதை. கிடைக்கோடு கீழே போனால் நாம் அளவுக்கு மேல் உயரத்தில் இருக்கிறோம். இரண்டும் நடுவில் கூட்டல் குறி போல நின்றால், வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்கு முன் விமான நிலையக் கோபுரத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

“கேளாமல் இறங்கப்படாது. இடையில விட்டுட்டு வெளியேறவும் படாது. காணாமல் போனவன் எண்டு பதிஞ்சிடும்.”

கண் சத்திரசிகிச்சைக்கு அவர் கொழும்புக்குப் போன வாரம், “விளையாடுங்கோ, என்ர ஆளை மட்டும் தொடப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியமே தொட்டுவிட்டேன். கடைசியாக விளையாடியவரின் பெயரோடுதான் விளையாட்டு திறக்கும். மாற்ற மறந்துவிட்டேன். எப்படித் தெரிந்தது என்றால், சேர்ந்து போகும் நாலு விமானங்களில் நான் எப்போதும் நாலாவது. முன்னால் போகிறவர்களின் வாலைப் பார்த்துக்கொண்டு போவேன். அன்று பாலத்தைத் தகர்த்துவிட்டுத் திரும்புகிறேன், எனக்கு முன்னால் யாருமில்லை. மூன்று விமானங்கள் பின்னால் வந்து, நான் திரும்பினால் திரும்பின. என் ஆயுளில் யாரும் என்னை அப்படி மதித்ததில்லை.

“அக்கா, செத்தேன். இது சேரோட ஆளு.”

“அப்படியே நிப்பாட்டி வையேன்டி. அவரு வரட்டும்.”

நிறுத்தி வைத்தேன். சேர் வர இன்னும் இரண்டு நாள். ஆனால் அது மின்வெட்டுக் காலம். மூன்று மணிக்குக் கரண்ட் போகும். போனால் வெளியேறிய கணக்குத்தான். வாடிக்கையாளர்கள் வேறு வந்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரில் நான் ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் அடித்து முடிக்கும்வரை கேணல் வானத்தில் அசையாமல் தொங்கினார். பிள்ளையின் பெயரை இரண்டு தரம் பிழையாக அடித்தேன்.

இரண்டரைக்குக் கடை ஓய்ந்தது. ஒலிபெருக்கியைச் சேர் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். போர் நடந்த அந்தக் காலத்தில் தமிழ்க் கடைக்குள்ளிருந்து விமானச் சத்தம் தெருவுக்குக் கேட்பது நல்லதல்ல. ஆகவே ஒரு ஹெட்போனின் ஒரு காது எனக்கு, மறு காது அக்காவுக்கு. தலையோடு தலை முட்ட உட்கார்ந்தோம். விளையாட்டுக்குள்ளும் மூடுபனி. எனக்கென்று வாய்த்தது.

அனுமதி கேட்டேன். கோபுரத்துக்காரன், சேர் சொல்லித்தந்திருந்த ஆங்கில வசனங்களில் ஒன்றைச் சொன்னான்.

“என்னடி சொல்றான்?”

“நிக்கச் சொல்றான்கா. அடிபட்ட விமானம் ஒண்ணு மொதல்ல எறங்கணுமாம்.”

“வானத்துல எங்கடி நிக்கிறது?”

வட்டமடித்தேன். மறுபடி கேட்டேன். மறுபடி நிற்கச் சொன்னான். எண்ணெய் குறைகிறது என்று விமானம் பெண் குரலில் முறையிட ஆரம்பித்தது. அனுமதி கேட்கும் பட்டியலில் கீழே ‘அவசரம்’ என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மற்ற எல்லாரையும் விலக்கி நம்மை விடுவார்கள். அக்காவுக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“அமுக்கித் தொலையேன்.”

“இன்னும் எண்ணெய் இருக்குக்கா. பொய்யாயிரும்.”

“யாருக்குடி பொய்யி? அவன் ஒரு பெட்டிக்குள்ள இருக்கான்.”

அக்கா சொன்னது சரிதான். ஆனால் நான் தோட்டத்து மருந்துக் காம்பராவில் வரிசையில் நின்று வளர்ந்தவள். அவசரம் என்று முன்னால் போனால், அங்கே மருந்து கொடுத்த ஐயா மேலும் கீழும் பார்த்து, “நடந்துதானே வந்த?” என்பார். திரும்பப் போய்க் கடைசியில் நிற்க வேண்டும். விழுந்தால்தான் அவசரம். நான் இன்னும் விழவில்லை.

எண்ணெய் முள் கோட்டைத் தொட்டது. கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. மூன்றாவது தரமும் சாதாரணமாகவே கேட்டேன். அவன் இறங்கச் சொன்னான்.

“குடுத்துட்டான்கா.”

“பேசாம கோட்டப் பாரு.”

பார்த்தேன். நெட்டுக்கோடு இடப்பக்கம் ஓடியது. துரத்தினேன், வலப்பக்கம் ஓடியது. கிடைக்கோடு என் நெஞ்சு போல ஏறி இறங்கியது. அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். வெளியே சுத்த வெள்ளை. பயத்தில் வழக்கம்போலக் கண்ணை மூடப் பார்த்தேன், தோளில் ஒரு கிள்ளு விழுந்தது. இரண்டு கோடும் கூடி நின்றன. விலகின. மறுபடி கூடின. வெள்ளைக்குள் இரண்டு வரிசை விளக்குகள் தெரிந்ததும் இயந்திரம் நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. விமானம் தொப்பென்று விழுந்து, முன்சக்கரம் மடங்கி, மூக்கால் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

கேணல் உயிரோடு இருந்தார். அவருடைய பதிவேடு திரையில் வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் ஒரு வரியைக் கண்டேன். போய்வந்த சண்டைகள் நாற்பத்து நாலு. தரையிறக்கம் ஒன்று.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இந்த மனுசன் இவ்வளவு நாளா எங்கதான் எறங்குனாரு?”

விளையாட்டில் நம் பக்கத்து எல்லைக்குள் வந்ததும் வெளியேறினால் ஒன்றும் ஆகாது, சேர் ஒவ்வொரு தரமும் அப்படித்தான் வெளியேறியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. சிரிக்க வேண்டிய இடம். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜ்யமாக இருந்த இடத்தில் நான் ஒன்றை வைத்துவிட்டேன். அதை அழிக்க முடியாது. கரண்ட் போனது.

சேர் ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“பிள்ளை, என்ர ஆளின்ர பதிவை ஒருக்கா வாசியும்.”

அக்கா போட்டோகொப்பி மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பொய்யாக வாசிக்கலாம். ஆனால் ஒரு வாரத்தில் கண் கட்டை அவிழ்த்துத் தானே பார்த்துவிடுவார்.

“சண்டை நாப்பத்து நாலு சேர். தரையிறக்கம்… ஒண்ணு.”

சேர் மூக்குக்கண்ணாடி இல்லாத மூக்கைத் தடவினார்.

“ஆளுக்கு ஏதும் காயமோ?”

“இல்ல சேர். முன்சக்கரம் மட்டும்.”

“கேட்டுத்தான் இறங்கினீரோ?”

“மூணு தரம் கேட்டேன் சேர்.”

“மூண்டு தரமோ.” கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். “எனக்கு ரெண்டாந்தரத்தோட கோபம் வந்திடும் பிள்ளை.”