உடும்பஞ்சோலையில் நிழல் வெட்டுகிறார்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. இரண்டு கோடையாக வெயில் தாங்காமல் குரும்பை கொட்டுகிறது. ஊடே மரம் நட்டால் மண் குளிருமென்று என் வீட்டுக்காரர் நர்சரியில் நானூறு மகோகனிக் கன்றுக்குச் சொல்லிவிட்டார். செய்துவிட்டு யோசிக்கிற மனிதர். செவ்வாய்க்கிழமை லாரி வந்துவிடும். ஏடாகூடமாக நட்டால் இருக்கிற தென்னையும் போகும். அதற்குள் மரநிழலிலேயே வெள்ளாமை செய்கிற ஊரைப் பார்த்துவிடலாம் என்று, மே மாதக் கடைசி வெள்ளியன்று அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை நாலரைக்குக் காரை எடுத்தோம். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி ஆறரைக்குச் சின்னாறு செக்போஸ்ட். மறையூர், மூணாறு, பூப்பாறை வழியே உடும்பஞ்சோலை சேரும்போது மணி பன்னிரண்டேகால். மொத்தம் 188 கிலோமீட்டர், டீசல் 1,200 ரூபாய். அறை வாடகை 900. சுடுதண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு, தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கியிருந்த ஏலத்தோட்டத்துக்குள் போனோம். ஏலச்செடியே என் தலைக்கு மேல். அதற்கும் மேலே பலாவும் பெயர் தெரியாத காட்டு மரங்களும். கழுத்து வலிக்க அண்ணாந்தும் உச்சி தெரியவில்லை. அங்கே இடுப்பில் கயிறு கட்டி ஒருவர், காக்கா அளவில் தெரிந்தார். கீழே நின்று அவரை ஏவிக்கொண்டிருந்தவர் சூப்பர்வைசர் ஜெயமேரி.

"ஏலே அந்தோணி! அந்தக் கொப்பு வேண்டாம்ல, எடதுபக்கம் உள்ளதத் தள்ளு!"

கொப்பு விழுந்தது. இரண்டு ஏலவரிசைக்கு நடுவே, ஒரு இலைகூடக் கிழியாமல். இருண்டு கிடந்த மண்ணில் பளிச்சென்று வெயில் இறங்கியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"ஏனுங்கக்கா, நெழல நம்பித்தானுங்க பயிரே. அதையப் போயி வெட்டறீங்களே?" என்றார், எங்கள் தோப்புக் கதையைச் சொல்லி முடித்த என் வீட்டுக்காரர்.

"மழைக்காலத்துல இருட்டிக்கிட்டு நின்னா செடி அழுகிரும்யா. இப்ப வெட்டுனா அடுத்த கோடைக்குள்ள தழைஞ்சிரும். ஒங்க தோப்புக்கு எந்த மாசம் நெழலு வேணும், எந்த மாசம் வெயிலு வேணும்? நடப்போற மரம் வருசா வருசம் வெட்டுனாத் தாங்குமா?"

இவர் பையிலிருந்த நோட்டைப் புரட்டினார். வரிசை, இடைவெளி, குழி ஆழம் எல்லாம் நோட்டில் போட்டு வைத்திருந்தோம். வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட இருந்தோமே என்று எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது.

போகிறவர்கள் மழை பிடிக்கும் முன்பே போங்கள். நிழல் வெட்டு அப்போதுதான். ஞாயிறு வேண்டாம், எல்லாரும் மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கன்றுக்குச் சொல்வதற்கு முன்பு போங்கள்.

எங்கள் லாரியா? தோட்டத்துக்குள் சிக்னல் இல்லை. இவர் மூச்சு வாங்க ரோட்டுக்கு ஏறி நர்சரிக்குப் போன் போட்டார். "லாரி அனுப்பாதீங்க. எந்த மரம் வைக்கோணும்னு எனக்குத் தெரியலீங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயால் 'தெரியவில்லை' என்று கேட்டது அன்றுதான். அந்த மரங்களைப் பார்த்தபோது நின்ற மாதிரியே, நான் வாய் பிளந்து நின்றேன்.