அரிசி இருந்த வீடு

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, தோட்டப் பள்ளி ஆசிரியை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன். போன இடத்தில் அடக்க ஒடுக்கமாக இருந்தேனா என்றால் இல்லை. சமூக உளவியல் வகுப்பில் ஒருநாள் கத்தியே விட்டேன்.

பேராசிரியர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு கூட்டத்தில் எல்லாருமே மனத்துக்குள் ஒன்றை மறைத்துக்கொண்டு, தான் ஒருவன்தான் இப்படி, மற்றவர்கள் எல்லாரும் வேறு மாதிரி என்று நம்பிக்கொண்டிருப்பது உண்டாம். அந்த நம்பிக்கையால் யாரும் வாய் திறப்பதில்லை. யாரும் வாய் திறக்காததால் நம்பிக்கை இன்னும் இறுகிப்போகிறது.

"ஐயோ, இது எங்க லயம்!" என்று எழுந்து நின்றேன். தமிழிலேயே கத்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, என்ன விஷயம் என்று கேட்டார். மூச்சு வாங்க ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் ரெம்பாவ் பக்கம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நின்ற தொழிலாளர் வீடுகள். ஜப்பான்காரன் வந்த பிறகு கடையில் அரிசி நின்றுபோனது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. நகையோ நல்ல சேலையோ மிச்சம் வைத்திருந்தவர்கள் அதைக் கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், இருந்த மலாய்க்காரர்களிடம் கொடுத்து நெல் வாங்கி வந்தார்கள். நெல் வாங்கினால் உரலில் போட்டுக் குத்தத்தானே வேண்டும்? அதனால் உலக்கைச் சத்தம் கேட்கிற வீட்டில் சோறு, கேட்காத வீட்டில் கிழங்கு என்று ஆகிப்போனது. லயத்து வீடுகளுக்கு நடுவில் இருந்தது பலகைச் சுவர்தான். ஒருத்தர் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

சாயங்காலம் ஆனால் லயம் முழுக்க உலக்கைச் சத்தம். "இவளுகளுக்கெல்லாம் எங்கேருந்துதான் நெல்லு கெடைக்குதோ" என்று அம்மா பொருமுவாள். பொருமி முடித்துவிட்டுத் தானும் உலக்கையை எடுப்பாள். குசினியில், அடுப்போரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு குத்துவாள், என்னையும் அக்காவையும் கிட்டே விடமாட்டாள். குத்தி முடித்ததும் தட்டில் கிழங்குதான் விழும்.

"குத்துனதெல்லாம் எங்கம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசாம தின்னு."

அக்காவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. அப்போது காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிற்கிற ஆண்களைச் சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து அழுதார்.

"கல்யாணம் ஆனவங்கள இப்போதைக்கு ஏத்தல. தாலியக் கட்டிட்டு எம்புள்ள இங்கேயே வந்து இருக்கட்டும் சம்மந்தி. நாளத் தள்ளாதீங்க."

அம்மா தள்ளினாள். "லயமே சோறு திங்குது. எம்மவ பந்தியில மட்டும் கெழங்கா? நான் எப்படித் தலை நிமுந்து நடப்பேன்?" என்றாள். ஒரு உயிர் லோரியில் ஏறப்போகிறது, இவளுக்குப் பந்திதான் கவலை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா எப்போதும் போல காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போவாள், வருவாள், தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள்.

பிறகு அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "இன்னிக்கு நீ குத்து. யாரையும் உரலப் பாக்க விடாத" என்றாள். ஆசையாக ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். உமி. என்றைக்கோ வாங்கிய நெல்லின் பழைய உமி, குத்திக் குத்தித் தூளாகிக் கிடந்தது. உமி குத்திக் கை நொந்த கதை என்பார்களே, எங்கள் அம்மா அதைத் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

நானும் குத்தினேன். வேறென்ன செய்வது? குத்திக்கொண்டே பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டேன். அதற்கு அடுத்த வீட்டையும் கேட்டேன். என் உலக்கை பாதியில் நின்றது. நெல் குத்தினால் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டாமா? இத்தனை வீட்டில் இத்தனை நாளாகக் குத்துகிறார்கள், ஒரு வீட்டிலிருந்தாவது முறச் சத்தம் வந்திருக்கிறதா? யாருமே புடைக்கவில்லை!

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! எங்களுடையது மர உரல்தான். சாய்த்து உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, எல்லாரும் பார்க்கும்படி கவிழ்த்தேன்.

"எங்க வீட்ல உமிதான்! நெல்லு இல்ல!"

பக்கத்து வீட்டு உலக்கை நின்றது. அதற்கு அடுத்த வீட்டில் நின்றது. அப்படியே கோடிவரை ஒவ்வொன்றாக நின்றது. லயம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை உலக்கையோடு வெளியே வந்து என் உமியைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு கை நிறைய அவர் வீட்டு உமியைக் கொண்டுவந்து என் குவியலில் போட்டார். இன்னொருத்தி ரப்பர் விதை ஓடுகளைக் கொண்டுவந்தாள். "அடிப்பாவி, இதயா குத்துன?" என்று யாரோ கேட்க, சிரிப்பு பிடித்துக்கொண்டது. என்னை அடிக்கப் போர்வையோடு எழுந்து வந்த அம்மாவும் அந்தக் குவியலைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அக்கா மட்டும் அழுதாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள், உமியையே பார்த்துக்கொண்டு நின்று அழுதாள். மானம் போச்சு, கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன்.

கல்யாணம் நிற்கவில்லை, அந்த வாரமே நடந்தது. வீட்டுக்கு வீடு கிழங்கு வந்தது. அவித்தது, புட்டு, தேங்காய் போட்டுக் கிண்டியது என்று பந்தி களைகட்டியது. அத்தான் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாளில் அவருடைய பழைய தோட்டத்துக்கு லோரி வந்தது. அவர் அங்கே இல்லை.

பேராசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, நல்ல கதை, ஆனால் ஆய்வு ஆகாது என்றார். மற்றவர்கள் வீட்டில் அரிசி இருப்பதாக அந்தப் பெண்கள் உண்மையிலேயே நம்பினார்களா? போய்க் கேள், தனித்தனியாகக் கேள், கூட்டமாகக் கேட்டால் முதலில் பேசுகிறவள் சொல்வதையே எல்லாரும் சொல்வார்கள் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த விடுமுறைக்கே பஸ் ஏறினேன்.

ஒரே கேள்விதான். "ஜப்பான் காலத்துல நம்ம லயத்துல எந்த வீட்ல அரிசி இருந்துச்சின்னு நெனச்சீங்க?" ஒருத்தி இந்த வீட்டைக் காட்டினாள், அடுத்தவள் அந்த வீட்டைக் காட்டினாள். எங்கள் வீட்டைக் காட்டியவர்கள்தான் அதிகம்! அம்மா யோசிக்கவே இல்லை. "பக்கத்து வீடுதான், வேற யாரு?" என்றாள். பதிலுக்குப் பதில் எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கடைசியாக லுக்குட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலேயே இருந்தவளிடம் இதைக் கேட்பானேன் என்று இருந்தது. முறைக்காகக் கேட்டு வைத்தேன்.

"நம்ம வீட்லதான்" என்றாள் அக்கா.

"நம்ம வீட்ல ஏதுக்கா அரிசி?"

"அம்மா தெனம் குத்துச்சி. தட்டுக்கு ஒன்னும் வரல. எங்கல்யாணத்துக்குத்தான் ஒளிச்சு வக்கிதுன்னு நெனச்சேன். அதான் பசிச்சாலும் கேக்கல. இன்னும் கொஞ்சம் சேந்தா பந்திக்கு ஆயிரும், இவரு வந்துருவாருன்னு நெனச்சுக்கிட்டேதான் மரம் வெட்டுனேன். நீ கவுத்துன பாரு, அன்னிக்குத்தான் ஒன்னுமே சேரலன்னு தெரிஞ்சுது."

பேனாவை மூடி வைத்தேன். கூடத்தில் அத்தான் ரேடியோவைத் திருகும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனாள்.

ஆய்வு முடிந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒன் அக்கா என்ன சொல்லுச்சி?"

"அதுவும் பக்கத்து வீட்டத்தாம்மா சொல்லுச்சி" என்றேன்.